தொட்டிக்குள் ஒரு கணக்கு, தொட்டிக்கு அடியில் வேறு கணக்கு

மொட்டைமாடியில் வைத்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி அடியில் கீறல் விட்டு ஒழுகினால் பழி தொட்டியின் மேல்தான் விழும். ‘தண்ணிக் கனம் தாங்கலை, லேயர் கம்மி’ என்று சொல்லி, அடுத்த தடவை இன்னும் தடிமனாகப் பார்த்து வாங்குவார்கள். பழைய தொட்டியை நகர்த்தும்போது கீழே பார்த்தால் நாலு செங்கல் இருக்கும். விரிசலுக்குக் காரணம் அந்தச் செங்கல்.

கணக்கைப் போட்டுவிடலாம். இந்தப் பதிவு முழுக்க அழுத்தத்தை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்றே சொல்கிறேன். பாஸ்கல் கணக்கு வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 98,000 பாஸ்கல். டயர் கடை பி.எஸ்.ஐ. கணக்கில் அதுவே 14.2.

தொட்டியில் தண்ணீர் 1.1 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்றால், உள்ளே அடித்தட்டில் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் 0.11 கிலோ. தட்டின் எந்த இடத்தைத் தொட்டாலும் அதே 0.11. பக்கச் சுவரின் அடி ஓரத்திலும் அதே 0.11, ஆனால் அங்கே பக்கவாட்டில் தள்ளும். தட்டுக்கு வெளியே கதை மாறுகிறது. ஆயிரம் கிலோ இறங்குவது நாலு செங்கலின் முகத்தில். ஒரு செங்கல் சுமார் 250 சதுர சென்டிமீட்டர், நாலுக்கும் சேர்த்து ஆயிரம். ஆக, செங்கல் தொடும் இடத்தில் ஒரு கிலோ அழுத்தம், தொடாத இடத்தில் பூஜ்யம். உள்ளேயிருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்துகிறது, வெளியே நாலு இடத்தில் மட்டும் ஒன்பது மடங்காகத் தாங்குகிறது. நடுவில் தாங்கல் இல்லாத தட்டு தொய்யும். செங்கல் விளிம்பில் மடியும். வெயிலில் மடிந்து, இரவில் குளிர்ந்து, மறுபடி மடிந்து அங்கேயே கீறும். முழுத் தட்டும் உட்காரும்படி சமமான கான்கிரீட் மேடை போட்டால் மெல்லிய தொட்டியும் பல வருடம் ஓடும். மேடையில் ஒரு ஜல்லிக் கல் துருத்திக்கொண்டு இருந்தாலும் பழைய கதைதான், ஆகவே தொட்டியை ஏற்றும் முன் கையால் தடவிப் பார்த்துத் தூசி கூட்ட வேண்டும்.

ஒரே தொட்டியில் இரண்டு கணக்கு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பள்ளிக்கூடத்தில் திடப்பொருள் அழுத்தம் (விசை வகுத்தல் பரப்பு) ஒரு பக்கத்திலும், திரவ அழுத்தம் (ஆழம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கல்) இன்னொரு பக்கத்திலும் வருகின்றன. இரண்டும் வெவ்வேறு ஊர்ச் சமாச்சாரம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நடைமுறையில் இரண்டும் ஒட்டியே இருக்கும். திரவம் முடிந்து திடம் தொடங்குகிற அந்த ஓரத்தில்தான் பெரும்பாலான பழுது வரும்.

வித்தியாசத்துக்கு வேர் ஒன்றுதான். திடப்பொருள் தன் உருவத்தை விடாது. சறுக்க முயன்றால் எதிர்த்து நிற்கும். அதனால் மேலிருந்து வைத்த சுமையைக் கீழே மட்டும் கொண்டு போய்ச் சேர்க்க அதனால் முடியும். செங்கல் அடுக்கின் மேல் ஒரு மூட்டையை வைத்தால் அடுக்கு பக்கத்துச் சுவரைத் தள்ளாது. தண்ணீருக்கும் காற்றுக்கும் அந்த எதிர்ப்பு கிடையாது. நின்ற நிலையில் சிறு சறுக்கலைக்கூட அவற்றால் தாங்க முடியாது, உடனே ஓடிவிடும். ஓடாமல் நிற்க வேண்டுமென்றால் ஒரு புள்ளியில் எல்லாத் திசையிலும் ஒரே அழுத்தம் இருந்தாக வேண்டும். திரவம் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் தள்ளுவதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

குழாயில் தண்ணீர் மெலிசாக வருகிறது என்று ஐந்நூறு லிட்டரை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் வைக்கிறவர்கள் உண்டு. கொள்ளளவுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. தொட்டி நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் மூன்று மீட்டர் வித்தியாசம் என்றால் 0.3 கிலோ, அவ்வளவுதான். தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 கூடும். அதற்கு முன் முக்கால் இஞ்ச் குழாயை ஒரு இஞ்ச் ஆக்கி, எல்போக்களை (குழாய் திரும்பும் வளைவு இணைப்புகளை) குறைத்துப் பாருங்கள். நம் கரையோர உப்புத் தண்ணீரில் குழாய்க்குள் படியும் வெள்ளைப் படிவமே பாதி வழியை அடைத்திருக்கும்.

படகுக்கு வருவோம். எஞ்சின், வலையோடு ஒரு டன் வரும் பைபர் வள்ளம் முப்பது சென்டிமீட்டர் அமிழ்ந்து மிதந்தால், அதன் அடிப்பகுதியில் கடல் கொடுக்கும் அழுத்தம் 0.03 கிலோதான். அதுவும் உடம்பு முழுக்கப் பரவி, எல்லா இடத்திலும் பரப்புக்குச் செங்குத்தாக, உள்நோக்கி. அதே வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டால் ஏராக்கட்டைதான் (வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) மணலில் உட்காரும். பத்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் மணலைத் தொடுகிறது என்று வைத்தால் 2,000 சதுர சென்டிமீட்டர், அரை கிலோ அழுத்தம். கடலில் இருந்ததைவிடப் பதினாறு மடங்குக்கு மேல். மணலுக்குள் ஒரு பாறைத் துண்டு ஒளிந்திருந்து, ஐம்பது சதுர சென்டிமீட்டரில் இருநூறு கிலோவை வாங்கினால் நாலு கிலோ. பைபர் கூடு அந்த இடத்தில் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அடுக்கு பிரியும். வெள்ளையாக நட்சத்திர வடிவக் கீறல் தெரிந்தால் அதுதான் அடையாளம். நடுக்கடலில் அலை அடித்து உடைந்தது என்று சொல்லப்படும் பல விரிசல்களுக்கு விதை கரையில் போடப்பட்டது என்பது என் கட்சி.

அதனால் வள்ளத்தைக் கட்டையின் மேல் நிறுத்துவதைவிட மணல் மூட்டை நல்லது. மூட்டையை இறுக நிரப்பக் கூடாது, முக்கால் பங்கு போதும். தளர்வான மூட்டை வள்ளத்தின் வளைவுக்குத் தக்கபடி படிந்து பரப்பைக் கூட்டும். இறுகிய மூட்டை கல் மாதிரிதான். ஏராவுக்கு மூன்று, இரண்டு பக்க வயிற்றுக்கும் இரண்டிரண்டு. பனந்துண்டை உருளையாகப் போட்டு இழுக்கும்போது உருளை தரையைத் தொடுவது ஒரு கோட்டில். இளக்கமான மணலில் உருளாமல் புதையும். அடியில் இரண்டு நீளப் பலகை விரித்தால் அதே ஆட்கள் பாதி மூச்சில் ஏற்றிவிடலாம்.

இன்னொன்று. கரையேற்றிய வள்ளத்தில் தண்ணீர் வடியும் அடிமூடியைத் திறந்தே வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் உள்ளே முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய ஒரு டன். கடலில் இருக்கும்போது வெளித்தண்ணீர் உள்நோக்கி அழுத்தி ஈடு கொடுக்கும். கரையில் அந்த ஈடு இல்லை. உள்தண்ணீர் கூட்டை வெளியே தள்ளும், தாங்குவது மூட்டை இருக்கிற நாலைந்து இடம் மட்டும். மொட்டைமாடித் தொட்டியேதான் இது.

லாரி ஜாக்கியும் இந்த ஜாதி. உள்ளே எண்ணெய். சின்ன பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் விட்டம், பெரியது நாலு சென்டிமீட்டர் என்றால் பரப்பு பதினாறு மடங்கு, தூக்கும் விசையும் பதினாறு மடங்கு. எண்ணெய் அழுத்தத்தைக் குறையாமல் கடத்துவதால் இது நடக்கிறது. எண்ணெயில் காற்று புகுந்தால் கைப்பிடி பஞ்சு மாதிரி அமுங்கும். காற்று சுருங்குவதிலேயே அடி வீணாகும். வால்வைத் திறந்து கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை வெறுமனே அடித்தால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். ஆனால் நம் பக்கம் ஜாக்கி தோற்பது எண்ணெயில் அல்ல, அடிப்பலகையில். இரண்டு டன்னை 120 சதுர சென்டிமீட்டர் அடித்தட்டில் வைத்தால் கிட்டத்தட்ட பதினேழு கிலோ அழுத்தம். எந்தக் கடற்கரை மணலும் இதைத் தாங்காது. வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும். நாற்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் கனமான பலகை ஒன்று கீழே போட்டால் 1.25 கிலோவுக்கு வந்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போகிற வண்டியில் ஸ்டெப்னியோடு அந்தப் பலகையும் இருக்க வேண்டும்.

அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் தார்ச்சாலை வந்துவிட்டது. இருந்தாலும் ஓரத்தில் இறக்கி மாட்டிக்கொள்கிற கார்களுக்குக் குறைவில்லை. டயருக்குள் காற்று எவ்வளவோ, தரையின் மேல் டயர் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 32 பி.எஸ்.ஐ. என்றால் 2.25 கிலோ. ஒன்றரை டன் காரில் ஒரு சக்கரத்துக்கு 375 கிலோ, தரையைத் தொடும் பரப்பு 167 சதுர சென்டிமீட்டர், ஒரு கை அகலம். நடந்து போகிற ஆள், ஒற்றைக் காலில் அறுபது கிலோ, 150 சதுர சென்டிமீட்டர் பாதம், வெறும் 0.4. ‘நான் நடந்து பார்த்தேன், கெட்டியாத்தான் இருந்துச்சு’ என்று காரை இறக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண்கள் இவை. காற்றைப் பதினாறுக்கு இறக்கினால் தொடும் பரப்பு இரட்டிப்பாகும். அதற்குப் பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் மெதுவாக, நேராக வெளியே வர வேண்டும். சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

இதுவரை சொன்னதில் திடம் திடமாகவும் திரவம் திரவமாகவும் நடந்துகொண்டன. மணல் இரண்டுக்கும் நடுவில் நின்று ஏமாற்றும். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு உண்மையில் தேவையான பாடம் இதுதான், பாடப்புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை.

நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர் எடுத்து, அதைச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். அடிவாய் ஒரு தராசுத் தட்டின் மேல், தட்டைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் இருக்க வேண்டும். காய்ந்த மணலைக் கொட்டுங்கள். பன்னிரண்டு கிலோ மணல் பிடிக்கும், ஆனால் தராசு இரண்டு மூன்று கிலோவோடு நின்றுவிடும். மிச்சத்தை உராய்வினால் குழாயின் சுவர் வாங்கிக்கொள்கிறது. மணிகள் ஒன்றையொன்று முட்டி வளைவு கட்டி, சுமையைப் பக்கத்துக்குக் கடத்திவிடும். தண்ணீர் இப்படிச் செய்யவே செய்யாது. ஒரு மீட்டர் தண்ணீர் எப்போதும் 0.1 கிலோ. ஜான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் 1895-இல் தானியக் குதிர்களை வைத்து இதைக் கணக்காக எழுதினார். குதிரின் அடியைவிடச் சுவர்தான் கனம் தாங்குகிறது என்பதால், சுவரை மெல்லியதாகக் கட்டினால் நசுங்கும்.

ஈர மணல் இன்னும் வேடிக்கை. அலை பின்வாங்கிய பளபளப்பான மணலில் காலை வைத்தால் பாதத்தைச் சுற்றிலும் ஒரு நொடி காய்ந்து வெளுத்துப்போகும். அழுத்தினால் தண்ணீர் பிதுங்கி வர வேண்டும் என்றுதானே நினைப்போம். நெருக்கமாக அடுக்கியிருக்கும் மணிகள் சறுக்க வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், ஏறினால் இடைவெளி பெருகும், பெருகிய இடைவெளிக்குள் மேல்தண்ணீர் இறங்கிவிடும். 1885-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற பொறியாளர் விளக்கியது இதை. அந்த நொடியில் உள்ளே உறிஞ்சல் இருப்பதால் மணல் கெட்டியாக நிற்கும். அங்கேயே நின்று காலை ஆட்டினால் தண்ணீர் மறுபடி நிரம்பி மணல் இளகும், கால் புதையும்.

மணல் தாங்குவது மணல்மணிகள் ஒன்றையொன்று முட்டுகிற அழுத்தத்தால். மணிகளுக்கு இடையில் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் கூடினால் அந்த முட்டு குறையும். தண்ணீர் கீழிருந்து மேலே ஊறி, ஒரு மீட்டர் மணலைக் கடக்க ஒரு மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் இருந்தால் முட்டு முழுக்கப் போய்விடும். மணல் கஞ்சியாகிவிடும்.

உறை கிணறு இறக்குகிறவர்களுக்கு இது தினப்படிச் சங்கதி. மூன்றடி விட்டச் சிமெண்ட் உறையை நிறுத்தி, உள்ளே சுற்றிலும் சமமாகத் தோண்டினால் உறை தன் கனத்தில் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் தோண்டினால் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். ஊற்று கண்டதும் அவசரப்பட்டு மோட்டார் போட்டுத் தண்ணீரை அடியோடு இறைத்தால் கேடு. வெளியே நீர்மட்டம் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும்போது உள்ளே வறண்டால், அந்த வித்தியாசம் முழுக்க அடிமணல் வழியாக மேலே தள்ளும். மணல் பொங்கி உள்ளே ஏறும். எவ்வளவு அள்ளினாலும் ஆழம் கூடாது, ஆனால் உறைக்கு வெளியே தரை உள்வாங்கி, பக்கத்தில் நிற்கிறவர் காலடியே சரியும். மணல் பொங்க ஆரம்பித்தால் மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை ஏறவிட வேண்டும். பிறகு தண்ணீர் நிற்கும்போதே வாளியாலோ வாரியாலோ அள்ள வேண்டும். ஆழம் கிடைத்ததும் அடியில் பெருமணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி, ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர். தண்ணீர் மேலே வரும், மணல் வராது. ஆள் உள்ளே இறங்குவது கடைசி வழியாக இருக்கட்டும், இறங்கினால் இடுப்பில் கயிறு இல்லாமல் கூடாது.

கண்மாய்க் கரையில் நடப்பதும் இதுதான். ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் மாதிரி கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர் நின்றாலும், ஊர் நடுவில் இருக்கிற ஊருணியாக இருந்தாலும், இரண்டு மீட்டர் ஆழம் என்றால் கரையைத் தள்ளும் விசை ஒன்றே: ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு டன். மூன்று மீட்டருக்கு நாலரை டன். ஆழத்தின் வர்க்கத்தோடு ஏறும். பரப்பு காரணமாகக் கூடுவது காற்றில் எழும் அலை மட்டும்தான். கரை அகலமாக இருப்பதால் இந்தத் தள்ளலில் நகர்வது அபூர்வம். எலி வளை, நண்டு வளை வழியாகத் தண்ணீர் நுழைந்து, வெளிப்புற அடியில் மணலோடு குமிழியிடுவதுதான் உடைப்புக்கு முதல் அறிகுறி. தெளிந்த தண்ணீர் கசிந்தால் கண் வைத்திருந்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது.

அந்த வாயை மண்ணைப் போட்டு அடைப்பது எல்லோருக்கும் வரும் முதல் புத்தி, தப்பான புத்தி. அழுத்தம் அப்படியே இருக்கும், தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். குமிழியைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீரைத் தேங்கவிட வேண்டும். தேங்கிய தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் கண்மாய்க்கும் அதற்கும் உள்ள மட்ட வித்தியாசம் அந்த அரை மீட்டர் குறைந்துவிடும். கலங்கல் தெளிகிற வரை உயர்த்தி, அதற்குமேல் தண்ணீரை ஒரு ஓரமாக வழியவிட வேண்டும். உள்வாய்ப் பக்கம் வளை வாயைத் தேடி அடைப்பது அதற்குப் பிறகு.

பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் இறங்குகிறவர்களுக்குத் திரவக் கணக்கு காதில் தெரியும். வடகடலோ (பாக் விரிகுடா) தென்கடலோ (மன்னார் வளைகுடா), கடல்நீரில் பத்து மீட்டருக்கு ஒரு கிலோ. ஐந்து மீட்டரில் உடம்பு முழுக்கச் சேர்த்தால் ஏழரை டன் வரும், ஆனாலும் ஆள் நசுங்குவதில்லை. உடம்பு பெரும்பாலும் தண்ணீர், எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம். ஐம்பது கிலோ கல் கால்விரலில் விழுந்தால் எலும்பு போவது, அது ஒரு பக்கம் மட்டும் அழுத்துவதால். கடலுக்குள் அடி வாங்குவது காற்று இருக்கிற அறைகள்: காது, முகத்து எலும்புக் குழிகள், நுரையீரல். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்வதை வலி வந்த பிறகு அல்ல, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். சளி பிடித்த அன்று இறங்கவே கூடாது. கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால் அதற்குள் காற்று விட வழியில்லை. ஆழம் போனால் கண்ணில் ரத்தம் கட்டும். கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்குகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது. பத்து மீட்டரிலிருந்து வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்கு விரியும். ஒன்றரை மீட்டர் எழும்பினாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவத் தராசு. ராமேஸ்வரம் தீவு மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025, நல்ல தண்ணீர் 1. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு என்பார்கள். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் நிரந்தரமாக இறக்கினால் உப்பு நாலு மீட்டர் மேலே ஏறும். தண்ணீர் உவர்த்துவிட்டது என்று அதே இடத்தில் இன்னும் ஆழமாகப் போர் போடுவது உப்பைத் தேடிப் போவதுதான். ஆழமில்லாத கிணறு இரண்டு மூன்றைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அரை குதிரை மோட்டாரில் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறைத்தால் மட்டம் மீண்டுவிடும். உறையின் உட்சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, மோட்டார் போடும் முன் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.